ரயில் சரியான நேரம், தனம் லேட்

சுவிட்சர்லாந்துக்குப் போய் ரயிலைத் தவறவிட்டவர்கள் இருக்கலாம். சரியான ரயிலில், சரியான நேரத்தில் ஏறி, ஜன்னலோரம் சௌகரியமாக உட்கார்ந்து, தப்பான ஊருக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் எனக்குத் தெரிந்து இரண்டே பேர்தான். ஒருத்தி நான். இன்னொருவர் சேஷாத்ரி சார்.

அதுவும் எதற்குப் போயிருந்தோம்? ரயில் நேரத்துக்கு ஓடுகிறதா என்பதை ஒவ்வொரு நாட்டிலும் எப்படி அளக்கிறார்கள், தாமதத்தை எப்படிக் குறைக்கிறார்கள் என்று கூடிப் பேசுவதற்கு. அடையாறில் ஒரு சின்னப் போக்குவரத்து ஆய்வு மையத்தில் நாங்கள் இருவரும் வேலை பார்க்கிறோம். சார் மயிலாப்பூர்க்காரர். பரம்பரையாகக் குளத்துக்குப் பக்கத்துத் தெரு. நான் சைதாப்பேட்டை ஆற்றோரத்தில் பிறந்து, கல்யாணமாகி மேற்கு மாம்பலத்துக்கு வந்தவள். சார் அறையில் உட்கார்ந்து கணக்குப் போடுவார். நான் பிளாட்பாரத்தில் நிற்பேன். வண்டி எப்போது வந்தது, எவ்வளவு நேரம் நின்றது, ஏற முடியாமல் யார் யார் நின்றுபோனார்கள் என்று பார்த்து வந்து சொல்வது என் வேலை. வெயிலில் நிற்பதற்கு ஒரு படிப்பு உண்டென்றால் அதில் நான் முனைவர்.

முதல் நாள் சாப்பாட்டிலேயே போயிற்று. சாரின் பெட்டியில் துணியைவிடப் புளிக்காய்ச்சல் அதிகம். தயிர் மட்டும் கிடைத்தால் போதும் என்று கடைக்குப் போய், வெள்ளையாக இருந்த ஒரு டப்பாவை வாங்கி வந்தார். சாதத்தில் பிசைந்து ஒரு வாய் போட்டதும் முகம் மாறியது.

"கலா, இதுல வெனிலாவைக் கொட்டி வெச்சிருக்கான். பாயசத்துல உப்புப் போட்டாப்ல இருக்கு."

சார் அதைக் கீழே வைக்கவில்லை. பசியும் மானமும் சேர்ந்து முழுவதையும் சாப்பிட்டு முடித்தார். எதிர் ஓட்டலில் பாலாடைக்கட்டியை உருக்கிச் சட்டியோடு கொண்டுவந்து வைத்தார்கள். நான் அதில் ரொட்டித் துண்டுகளைத் தோய்த்துத் தின்றேன். வாசனை முதலில் ஒரு மாதிரி இருந்தது. பிறகு, சட்டியின் அடியில் காந்தியதைச் சுரண்டித் தின்னும் அளவுக்குப் போய்விட்டேன். பக்கத்து மேஜைக்காரர் தன் மனைவியிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். பரிமாறிய பெண் எனக்கு மொழிபெயர்த்தாள்: "அடியில் இருப்பதுதான் ருசி என்று அந்த அம்மாவுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்கிறார்." எங்கள் வீட்டில் குழம்புச் சட்டியில் சோறு போட்டுப் பிசைவதற்கு அடிதடியே நடக்கும். இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டாம்.

மறுநாள் காலை ரயில். கூட்டம் நடக்கும் ஊர் ஏரிக்கரையில் இருந்தது. வண்டி குறித்த நேரத்துக்கு வந்து நின்றது. ஏறினோம். மலை, மாடு, மறுபடி மலை. சார் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனார். "பாத்தியா, ஒரு நிமிஷம் பிசகலை" என்று ஒவ்வொரு நிலையத்திலும் சொல்லிக்கொண்டு வந்தார். நடுவில் ஒரு நிலையத்தில் கொஞ்சம் அதிகமாக நின்றது. அறிவிப்பு ஒன்று ஜெர்மன் மொழியில் வந்தது. எங்களுக்கு அது சங்கீதம் போலத்தான்.

இறங்கிப் பார்த்தால் ஏரியைக் காணோம்.

நிலையத்துக்குள் ஒரு ரொட்டிக்கடை. கல்லாவில் நின்ற பெண்ணிடம் ஆங்கிலத்தில் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் என் முகத்தையும் சாரின் நெற்றிக்குறியையும் பார்த்துவிட்டு, "எங்கை போகோணும்?" என்றார்.

அந்த நேரத்தில் அந்தத் தமிழ் காதில் விழுந்தபோது கண் கலங்கிவிட்டது. யாழ்ப்பாணத்துக்காரர். பெயர் சாந்தி. இருபது வருடத்துக்கு மேலாக அங்கே இருக்கிறாராம். நடந்ததைச் சொன்னேன்.

"ஐயோ, அந்த ரெயின் நடுவிலை ரெண்டாப் பிரியும் எல்லோ. முன்பக்கம் இஞ்சை வரும், பின்பக்கம்தான் ஏரிப்பக்கம் போகும். நீங்கள் முன்னுக்கு ஏறிப்போட்டியள்."

"அது எப்படிக்கா முன்னாடியே தெரியும்?"

"மேடையிலை ஏ, பி, சி எண்டு எழுத்துப் பலகை தொங்குது, கவனிக்கேல்லையோ? எந்தப் பெட்டி எந்த எழுத்துக்கு நேரை நிக்கும் எண்டு மேலை போடுவினம். அதைப் பாத்துப் போய் நிண்டால் சரி. ஓடத் தேவையில்லை." பிறகு அடக்க முடியாமல் சிரித்தார். "என்ன அலுவலா வந்தனியள்?"

சார் எதையும் மறைக்கத் தெரியாத மனிதர். "ரயில் நேரத்தைப் பத்தி ஆராய்ச்சி பண்ண வந்திருக்கோம்" என்றார்.

சாந்தியக்கா கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துத் தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, ஆளுக்கொரு உளுந்து வடையை எடுத்துத் தந்தார். சார் அந்த வடையைக் கண்ணை மூடிக்கொண்டு தின்றார். வெனிலாத் தயிரை வயிறு மன்னித்த நேரம் அதுதான்.

கூட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பாதிக் காலை முடிந்திருந்தது. நேரம் தவறாமை பற்றிய கூட்டத்துக்கு நேரம் தவறி உள்ளே நுழைவது எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கூட்டத்தை நடத்தியவர் பியாட் என்ற உள்ளூர்க்காரர். நெட்டையான, மெதுவாகப் பேசுகிற மனிதர். என்ன ஆயிற்று என்று கேட்டார். சொன்னேன்.

"உங்கள் ரயில் அந்த ஊருக்கு எப்போது போய்ச் சேர்ந்தது?"

"சரியான நேரத்துக்கு."

அறை முழுவதும் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "இன்று நாம் பேச வேண்டியதே இதுதான்" என்றார். "பழைய கணக்குப்படி இன்று தாமதமே இல்லை. ரயில் சரியான நேரம். ஆனால் இந்த இரண்டு பேர் தாமதம். நாம் ரயிலை எண்ணுகிறோமா, மனிதர்களை எண்ணுகிறோமா?"

அன்று முழுக்க அதே பேச்சு. சுவிட்சர்லாந்தில் மூன்று நிமிடம் தாண்டினால்தான் தாமதம். ஜெர்மனியில் ஆறு நிமிடம் வரை பொறுத்துக்கொள்கிறார்கள். ஜப்பானிலிருந்து வந்த பெண், தங்கள் ஊரில் சில நிமிடம் பிந்தினாலே மன்னிப்புக் கேட்டு, அலுவலகத்தில் காட்டுவதற்கு ஒரு சீட்டும் தருவார்கள் என்றார். ஓடாமலே ரத்தான ரயில் எந்தக் கணக்கில் வரும் என்று ஒருவர் கேட்டதும், அதுவரை வாய் ஓயாமல் பேசிய சிலர் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தார்கள். பியாட் தங்கள் முறையைச் சொன்னார். நூறு பேர் வரும் வண்டியும் பத்துப் பேர் வரும் வண்டியும் அவர்களுக்குச் சமமில்லை. எத்தனை பயணிகள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்று பார்ப்பார்கள். மாற வேண்டிய அடுத்த வண்டி ஒருவருக்குத் தவறிப்போனால் அதுவும் தாமதம்தான்.

அதைக் கேட்டதும் எனக்குத் தனத்தின் ஞாபகம் வந்துவிட்டது.

தனம் ஆற்றோரத்தில் எங்கள் பக்கத்து வீடு. ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனோம். கரையோர வீடுகளை எடுத்தபோது அவள் குடும்பத்துக்குப் பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்தார்கள். வேலை மட்டும் இடம்பெயரவில்லை. தி.நகரில் ஒரு பெரிய துணிக்கடையில் பட்டுப்புடவைப் பிரிவு. பெரும்பாக்கத்திலிருந்து கிண்டி வரை பஸ், கிண்டியிலிருந்து மாம்பலத்துக்கு ரயில். தி.நகருக்கே பஸ்ஸில் போகலாம். சைதாப்பேட்டை சிக்னலில் மாட்டினால் அவ்வளவுதான். கிண்டிப் படிக்கட்டில் இறங்கும்போது கண்ணெதிரே வண்டி நிற்கும். பெண்கள் பெட்டி அந்தக் கோடியில் இருக்கும். ஓடுவாள். வண்டி கிளம்பிவிடும். கடையில் ஊழியர் வாசலை மூடிவிட்டால் அன்றைக்கு அரை நாள் சம்பளம் போயிற்று. எங்கள் மையத்தின் கணக்கில் அந்த வண்டி, சரியான நேரம்.

மூன்றாம் நாள் காப்பி இடைவேளையில் ஒருவர் என்னிடம் வந்தார். எந்த நாடு என்று சொல்ல வேண்டாம். கெட்டவரில்லை. கைப்பேசியில் ஒரு வீடியோவைக் காட்டினார். ரயில் வாசலில் கொத்தாகத் தொங்கிக்கொண்டு போகும் ஜனங்கள். "இவ்வளவு கூட்டத்தில் நீங்கள் ஏன் நிமிடங்களைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள்? போய்ச் சேருவதே சாதனைதானே? இவர்களை எல்லாம் வரிசையில் நிற்கவைக்க முடியுமா?"

பாராட்டுகிற மாதிரிதான் சொன்னார். எனக்குச் சுருக்கென்று தைத்தது.

"ஐயா, உங்கள் ஊரில் ஒருவர் இரண்டு நிமிடம் பிந்தி வந்தால் என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

யோசித்தார். "ஒன்றும் ஆகாது. மன்னிக்கவும் என்பார்."

"என் சிநேகிதிக்கு அரை நாள் சம்பளம் போய்விடும். நிமிடத்தைப் பற்றி உங்களைவிட அவளுக்குத்தான் கவலை அதிகம். அவள் வரிசையில் நிற்கமாட்டாள் என்று யார் சொன்னது? எங்கே நிற்பது என்று அவளிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை."

என் ஆங்கிலத்தில் இலக்கணம் எங்கெங்கோ போயிருக்கும். அவருக்குப் புரிந்தது. கைப்பேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். சார் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என் அருகில் வந்து நின்றார். விமானத்தில் திரும்பும்போது, "நன்னாச் சொன்னே. ஆனா சொல்லிட்டு வந்துட்டோம். இனிமே செஞ்சு காட்டணுமேம்மா" என்றார்.

சென்னையில் இறங்கிய மூன்றாம் நாள் காலையில் கிண்டியில் நின்றேன். மாம்பலம் வழியாகக் கடற்கரை பக்கம் போகும் பிளாட்பாரம். மெட்ரோவிலிருந்து வருகிற கூட்டம், பஸ்ஸிலிருந்து வருகிற கூட்டம், இஞ்சி டீ வாசனை, மல்லிகைப்பூ வாசனை. நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தேன்.

"இன்னாடி கலா, பாரின்லாம் போய்ட்டு வந்து இங்கயே நின்னுகினு கீற?" தனம் படியில் இறங்கிக்கொண்டே கத்தினாள். "சாக்லேட்டு எங்க?"

கொடுத்தேன். பையில் போட்ட கையோடு வண்டி வந்தது. பெண்கள் பெட்டி தாண்டிப் போனது. "அடப்பாவி, இன்னிக்கி அந்தாண்ட!" என்று தனம் சேலையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவள் பின்னால் பத்துப் பதினைந்து பெண்கள். எதிரே இறங்கி வருகிற கூட்டத்தில் மோதி, விலகி, ஓடினார்கள். கார்டு கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். பிறகு மணி அடித்துவிட்டார். தனம் ஏறிவிட்டாள். நான்கு பேர் நின்றுவிட்டார்கள்.

காரணம் எளிதானது. சில வண்டிகளுக்கு ஒன்பது பெட்டி, சிலவற்றுக்குப் பன்னிரண்டு. பெண்கள் பெட்டி நிற்கும் இடம் அதற்கேற்ப மாறும். ஏ, பி, சி என்று எழுத்துப் பலகை தொங்கவிட நம்மிடம் வசதி இல்லையென்றால் போகட்டும். தரை இருக்கிறதே!

அனுமதி வாங்க அலைந்தது தனிக் கதை. சார் தன் பழுத்த பொறுமையோடு ஒவ்வொரு மேஜையாகப் போய் உட்கார்ந்தார். கடைசியில் ஒரு அதிகாரி, "பெயிண்ட் வேண்டாம், ஒட்டும் பட்டை போட்டுக்கொள்ளுங்கள், சரிவராவிட்டால் உரித்துவிடலாம்" என்றார். அது போதும் எங்களுக்கு. பெரும்பாலும் வருவது பன்னிரண்டு பெட்டி வண்டி. பெண்கள் பெட்டியின் வாசல்கள் நிற்கும் இடங்களில் மஞ்சள் பட்டை ஒட்டினோம். வாசலுக்கு நேரே இறங்குகிறவர்களுக்கு வழி. இரண்டு பக்கமும் ஏறுகிறவர்கள். தனத்திடமும் அவள் கூட்டாளிகளிடமும் சொன்னேன். "இங்க நில்லுங்க. ஓடாதீங்க. பெட்டி உங்களத் தேடி வரும்."

திங்கட்கிழமை. முதல் வண்டி வந்தது. வாசல் சரியாக மஞ்சளுக்கு நேரே நின்றது. இறங்குகிறவர்கள் இறங்கினார்கள், ஏறுகிறவர்கள் ஏறினார்கள். யாரும் ஓடவில்லை. நான் கைதட்டாத குறை.

அடுத்தது ஒன்பது பெட்டி வண்டி. அன்று வரவேண்டிய வண்டி மாறி வந்திருந்தது. அப்படி மாறும் என்பது எனக்குத் தெரியாத விஷயமல்ல. என்றாவதுதானே என்று விட்டிருந்தேன். பெண்கள் பெட்டி வெகுதூரம் தள்ளி நின்றது. மஞ்சளை நம்பி அசையாமல் நின்றவர்கள் மொத்தப் பேரும் ஒரே சமயத்தில் ஓடினார்கள். பூக்கூடையோடு வந்த ஒரு அம்மா தடுக்கி விழுந்தார். முழங்கை சிராய்த்து ரத்தம். தனம் அவரைத் தூக்கி உட்காரவைத்தாள். வண்டி போய்விட்டது.

"வலிக்குதா அம்மா?" என்று நான் குனிந்தேன்.

"நீ தள்ளுடி." தனம் என் கையைத் தட்டிவிட்டாள். "தெனமும் நான் பாட்டுக்கு ஓடிகினு இருந்தேன். உன்ன நம்பி நின்னேன் பாரு, இன்னிக்கி அரை நாளு காலி. நீ பாரின் போய் கத்துகினு வந்த லட்சணம் இதானா?"

பிளாட்பாரத்தில் எல்லோரும் கேட்டார்கள். அந்த அம்மாவை மருந்துக்கடைக்கு அழைத்துப்போய்க் கட்டுப் போட்டு, சிதறிய பூவுக்குப் பதில் பூ வாங்கிக் கொடுத்துவிட்டு அலுவலகம் போனேன். பட்டையை உரித்துவிடலாம் சார் என்றேன்.

சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்காத்துல அடுப்பு அணைஞ்சா சமையலை நிறுத்திடமாட்டா, கலா. மறுபடி பத்தவெப்பா. மொத வண்டிக்கு என்ன நடந்தது? அதைச் சொல்லு."

"யாரும் ஓடலை சார்."

"அப்புறம் என்னத்துக்கு அழுதுண்டு உக்காந்திருக்கே? எந்த வண்டி வர்றதுன்னு உள்ளே இருக்கறவாளுக்குத் தெரியும். நிக்கறவாளுக்குத்தான் தெரியலை. அதைச் சொல்ல வழி பாரு."

தனத்துக்கு வார லீவு புதன்கிழமை. பழைய பழக்கத்தில் சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்கு வந்துதான் மீன் வாங்குவாள் என்று தெரியும். போய் நின்றேன். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்தாள்.

"தனம், எம்மேல தப்பு. ஒன்பது பெட்டி வரும்னு நான் யோசிச்சிருக்கணும்."

மீன்காரியிடம் பேரம் பேசி முடித்து, பையைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகுதான் திரும்பினாள்.

"அந்த மொத வண்டில ஏறச்சொல்லோ நல்லா இருந்துச்சிடி" என்றாள். "யாரும் இடிக்கல. நான் இன்னா சொல்றேன், ரெண்டு எடத்துலயும் ஒட்டு. எது வருதுனு மைக்குல சொல்லச் சொல்லு. நாங்க பாத்துக்கறோம்."

"ஒன்பது, பன்னெண்டுன்னு சொன்னா குழம்பிடுமே. பிளாட்பாரம் நம்பர்னு நெனச்சுக்குவாங்க."

"கலர சொல்லு."

"பச்சை?"

"பச்ச." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்தாள். "இந்தவாட்டி எவளாவது வுயுந்தா உன்ன மீன் வெட்டுற மாரி வெட்டுவேன்."

அதுதான் சமாதானம். எங்கள் ஊர் சமாதானம் அப்படித்தான் இருக்கும்.

நிலையத்தில் அறிவிப்புக் கொடுக்கும் பெண்ணுக்கு ஒரே ஒரு சொல்லைக் கூடுதலாகச் சொல்லவேண்டிய வேலை. வண்டியின் பெயரைச் சொல்லி முடித்ததும், மஞ்சள் அல்லது பச்சை. கட்டுப்பாட்டு அறையிலிருந்து வண்டிக்கு எத்தனை பெட்டி என்று அவருக்கு முன்கூட்டியே சொல்ல ஏற்பாடாயிற்று. "எனக்கு இதில் என்ன கஷ்டம்? என் தங்கையும் இந்த வண்டியில்தான் போகிறாள்" என்றார்.

ஒன்பது பெட்டி வண்டியின் வாசல்கள் நிற்கும் இடத்தில் பச்சைப் பட்டை ஒட்டி மறுபடி ஆரம்பித்தோம். ஒலிபெருக்கியில் "பச்சை" என்று வந்தது. மஞ்சளில் நின்ற அத்தனை பெண்களும் பையைத் தூக்கிக்கொண்டு, பேச்சைக்கூட நிறுத்தாமல், பச்சையை நோக்கி நடந்தார்கள். நடந்தார்கள், ஓடவில்லை. "யம்மா, பச்சயாம், வாங்க வாங்க" என்று தனம் புதிதாக வந்தவர்களை இழுத்துக்கொண்டு போனாள். கைக்குழந்தைக்காரியை முன்னால் விட்டார்கள். வண்டி வந்து, வாசல் பச்சைக்கு நேரே நின்றது. கடைசிப் பெண் ஏறியபின் கார்டு தலையை நீட்டிப் பார்த்தார். ஓடிவர யாரும் இல்லை. அவருக்கே நம்பிக்கை வராமல் இன்னொரு தடவை பார்த்தார். அப்புறம்தான் மணி.

அவ்வளவு பெருமையாக நான் வெயிலில் நின்றதில்லை.

சில வாரங்களில் அது பழக்கமாகிவிட்டது. "மஞ்ச வண்டி போய்ட்சா?" என்று ஜனங்கள் தங்களுக்குள்ளேயே கேட்டுக்கொள்ள ஆரம்பித்தார்கள். ஆண்களும் கற்றுக்கொண்டார்கள். பெண்கள் பச்சைக்குப் போனால் தங்கள் பெட்டி எங்கே நிற்கும் என்று கணக்குப் போட்டு நகர்ந்தார்கள். வரிசை வெளிநாட்டு வரிசை மாதிரி கோடு போட்டாற்போல் இருக்காது. கொத்தாகத்தான் நிற்பார்கள், தோளில் சாய்வார்கள், பாதி இட்லியைப் பகிர்ந்துகொள்வார்கள். ஆனால் வாசலுக்கு நேரே உள்ள வழியில் ஒருவரும் நிற்கமாட்டார்கள். நின்றால் தனம் விடமாட்டாள்.

இதைக் கேள்விப்பட்டு, அந்தக் கூட்டத்தின் அடுத்த சுற்றை எங்கள் மையத்திலேயே வைத்துக்கொண்டு, பியாட் அடையாறுக்கு வந்தார். வந்த மறுநாள் காலை கிண்டிக்குக் கூட்டிப்போனேன். படம் எடுக்க வாகான இடம் தேடிப்போய், மஞ்சள் பட்டைக்கு நடுவில் நின்றார். நேரே வாசல் வழி.

"யோவ் வெள்ளக்கார நைனா!" தனத்தின் குரல். "அது எறங்குற வயி. அந்தாண்ட போ. அதுவும் இது லேடீஸு."

"என்ன சொல்கிறார்கள்?" என்றார் பியாட்.

"தப்பான இடத்தில் நிற்கிறீர்களாம்."

அவர் காது வரை சிவந்துபோய் நகர்ந்தார். வண்டி வந்தது, பெண்கள் ஏறினார்கள், வண்டி போனது. அடுத்ததும் அப்படியே. மூன்றாவதற்கு "பச்சை" என்று ஒலித்ததும் பிளாட்பாரம் முழுக்க ஒரு நகர்வு. அவர் கேமராவை இறக்கிவிட்டு வெறும் கண்ணால் பார்த்தார்.

"ஒழுங்குபடுத்த எத்தனை ஊழியர்கள்?" என்றார்.

"யாரும் இல்லை."

"அப்படியானால் யார் இதை நடத்துகிறார்கள்?"

"இப்போது உங்களைத் திட்டினாளே, அவளும் அவள் சிநேகிதிகளும்."

அன்று பிற்பகல் கூட்டத்தில் என்னைத்தான் முதலில் பேசச் சொன்னார். எந்தக் காகிதமும் இல்லாமல் பேசினேன். முதல் நாள் பூக்கார அம்மா விழுந்ததிலிருந்து ஆரம்பித்தேன். ரயில் நேரத்துக்கு வந்தது என்பதை இனிமேல் தனம் நேரத்துக்கு வந்தாள் என்று கணக்கிடுவோம் என்று முடித்தேன். சார் பின்வரிசையில் உட்கார்ந்து, தன் பெண் மேடையேறியது போல நிமிர்ந்திருந்தார். முடிந்ததும் பியாட்டை மயிலாப்பூருக்கு அழைத்துப்போய் நெய் சொட்டும் பொங்கல் வாங்கிக் கொடுத்தாராம். மனிதர் இலையில் ஒரு மிளகுகூட விடவில்லையாம். அதைச் சொல்வதில் சாருக்கு என் பேச்சைவிடப் பெருமை.

மறுநாள் எனக்கு விடுப்பு. இருந்தாலும் காலையில் கிண்டிக்குப் போனேன், பார்ப்பதற்காக அல்ல, ஏறுவதற்காக. தனத்தோடு மஞ்சளில் நின்றேன், ஏறினேன். சைதாப்பேட்டைப் பாலத்தில் போகும்போது இருவரும் ஆற்றைப் பார்த்தோம். மாம்பலத்தில் இறங்கி, ரங்கநாதன் தெருவில் நடந்தோம். காலை நேரத்தில் அந்தத் தெருவில் கைவீசி நடக்க இடம் இருக்கும். கடைகள் கழுவிவிட்ட தண்ணீர் ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது.

தனத்தின் கடை ஷட்டர் இன்னும் தூக்கவில்லை. எதிரே ஒரு டீக்கடை. வெளியே மர பெஞ்ச். அவளோடு வேலை செய்யும் மூன்று பெண்கள் அதில் ஏற்கனவே உட்கார்ந்திருந்தார்கள். நகர்ந்து இடம் விட்டார்கள். தனம் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினாள்.

"முன்னல்லாம் வந்த மேனிக்கு உள்ள ஓடுவோம்" என்றாள். "உள்ள போய்ட்டா ராத்திரி வரைக்கும் காலு தரைலதான். இப்ப தெனம் ஒரு டீ, ஒக்காந்து குடிக்கிறோம்."

டீ வந்தது. சூடு. ஒருத்தி நேற்று விற்ற புடவையைப் பற்றிச் சொன்னாள். வாங்க வந்த மாமியார் போல முகத்தை வைத்து நடித்துக் காட்டினாள். பெஞ்ச் குலுங்கக் குலுங்கச் சிரித்தோம்.

எதிரே ஷட்டர் கடகடவென்று மேலேறியது. நான் பதறி எழுந்தேன். டீ கையில் சிந்தியது.

தனம் என் முந்தானையைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

"ஒக்காருடி. டைம் கீது."